கீழேரிக்குப் போன ஊதாப்பூ

போன மாதம் எங்கள் பழைய ஆபீஸிலிருந்து ஓர் இளம் இன்ஜினியர் போன் செய்தார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஏதோ பயிற்சி முகாமாம். ஏரி, ஆறுகளில் வெளிநாட்டுச் செடியும் மீனும் பரவாமல் தடுப்பது எப்படி என்று பழைய ஆட்கள் வந்து அனுபவம் பேச வேண்டுமாம். "இப்ப மிதக்கற மெஷினே வந்துடுச்சு சார். நீங்கல்லாம் வெறுங்கையில எப்படி சார் மேனேஜ் பண்ணீங்க? ஒரு பத்து நிமிஷம், கொஞ்சம் பாசிட்டிவா பேசிட்டுப் போங்க" என்றார். பத்து நிமிஷம் பேசலாம். பாசிட்டிவாகவும் பேசலாம். இரண்டையும் சேர்த்துச் செய்ய என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டேன். மைக்கில் சொல்ல முடியாததை இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். பென்ஷன் ஒழுங்காக வந்துகொண்டிருப்பதால் துறையின் பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன்.

என் பெயர் சாமுவேல். இரும்புலியூரில் பிறந்து, தாம்பரத்தைச் சுற்றியே ஓர் உத்தியோக வாழ்க்கையை ஓட்டி முடித்தவன். ஏரிகளைப் பார்த்துக்கொள்கிற துறையில் ஒர்க் இன்ஸ்பெக்டர். இன்ஸ்பெக்டர் என்ற வார்த்தையைக் கேட்டுத்தான் என் மாமனார் பெண் கொடுத்தார். ஜீப்பும் தொப்பியும் கிடையாது, சைக்கிளும் முழங்கால் வரை சேறும்தான் என்று அவருக்குத் தெரிந்தபோது பந்தியில் பாயசம் போட்டாகிவிட்டது.

பயிற்சி என்று எங்களுக்கும் ஒன்று நடந்தது. மதகு, கலங்கல், கரை பலப்படுத்துதல் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். ஆகாயத்தாமரைக்கு ஒரு மத்தியானம் ஒதுக்கினார்கள். பாடம் எடுத்தவர் அந்தச் செடியை நேரில் பார்த்ததில்லை என்பது அவர் போர்டில் வரைந்த படத்திலேயே தெரிந்தது. கத்திரிச்செடி மாதிரி இருந்தது. "இதை ஒழிக்க வேண்டும்" என்று கீழே எழுதினார். மணி அடித்தது, டீ குடிக்கப் போனோம். என் பயிற்சி அத்துடன் முடிந்தது.

எண்பதுகளின் கடைசியில் என் பொறுப்பில் இரண்டு ஏரிகள் வந்தன. பெருங்களத்தூரிலிருந்து முடிச்சூர் போகிற பக்கம், மேலே பனையேரி, கீழே கீழேரி. மேலே நிரம்பினால் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து கால்வாயில் ஓடிக் கீழேரிக்கு வரும். கீழேரி நிரம்பினால் அடையாற்றுக்குப் போகும். நான் போனபோது பனையேரியில் தண்ணீரே கண்ணுக்குத் தெரியவில்லை. கரைக்குக் கரை ஆகாயத்தாமரை. புதிதாக மனை வாங்க வந்த ஒருவர் அதைப் புல்தரை என்று நினைத்து, "இந்த இடம் விலைக்கு வருமா?" என்று என்னையே கேட்டார். கீழேரியில் மட்டும் ஒரு செடிகூட இல்லை. அங்கே வராமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

அதை எனக்கு உத்தரவு போட்டுச் சொன்னது ஆபீஸ் இல்லை, தனம்.

தனம் கோவளம் பக்கத்து மீனவர் குப்பத்தில் பிறந்து, இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். கீழேரியில் மீன் பிடிக்கிற குத்தகை அவள் குடும்பத்துக்கு. புருஷனுக்கு இழுப்பு. தண்ணீரில் கால் வைத்தால் ராத்திரி முழுக்க மூச்சு விசில் அடிக்கும். அதனால் அவர் வீட்டில் உட்கார்ந்து வலை பின்னுவார், அவள் இறங்கி வீசுவாள், அவளே பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பிலும் ஊரப்பாக்கம் ஸ்டேஷன் வாசலிலும் உட்கார்ந்து விற்பாள். நான் முதல் நாள் சைக்கிளை நிறுத்தியதுமே வந்து பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான் புதுசா வந்துகீற இன்ஸ்பெக்டரா? இதோ பாருங்க சார், மேல அந்தச் சனியன் மூடிகினு கீது. அதுல ஒண்ணே ஒண்ணு கீழ வந்துச்சின்னாலும் எங்க பொழப்பு போச்சு. வலை வீசினா செடிதான் வரும். மீனு மூச்சு முட்டிச் செத்துப்பூடும். அப்பறம் நான் கூடையில இன்னாத்த வெச்சி விக்கறது? உங்க ஆபீஸையா?"

ஆபீஸை யாரும் வாங்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி எங்கள் ஏ.இ. பற்றிச் சொல்ல வேண்டும். அசிஸ்டென்ட் இன்ஜினியர் ராஜசேகரன். நல்ல உயரம், நல்ல குரல், யாரையும் வாடா போடா என்று பேசமாட்டார், சாயங்காலம் ஐந்துக்கு மேல் யாரையும் பிடித்து வைக்கமாட்டார். குறை என்று சொன்னால் ஒன்றுதான். ஏரியைப் பார்க்க வருவார், ஜீப்பை விட்டு இறங்கமாட்டார். காலில் பளபளவென்று கறுப்பு ஷூ. அந்த ஷூவுக்கும் சேற்றுக்கும் எந்த ஒட்டும் உறவும் கிடையாது. ஜீப் கரைமேல் ஏறி நிற்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "எத்தனை பர்சென்ட், சாமுவேல்?" என்பார். ஏரியில் எத்தனை பர்சென்ட் செடி எடுத்தாகிவிட்டது என்று அர்த்தம். நான் ஏதாவது சொல்வேன். அதில் கொஞ்சம் சேர்த்து டிரைவரிடம், "குட், போலாம்" என்பார். நான் நாற்பது என்று சொன்னால் ஜீப் தாம்பரம் போய்ச் சேர்வதற்குள் அது அறுபது ஆகியிருக்கும். செடிகூட அவ்வளவு வேகமாக வளராது.

வேலை எப்படி நடந்தது என்று அந்த இளம் இன்ஜினியர் கேட்டாரே, அதை இங்கே சொல்கிறேன். கோடையில் தண்ணீர் இறங்கினதும் ஆட்களை வரிசையாக இறக்குவோம். ஆகாயத்தாமரை தனித்தனியாக நிற்காது. ஒன்றின் காம்பு இன்னொன்றைப் பிடித்து, பெரிய பாய் மாதிரி பின்னிக்கொண்டு கிடக்கும். முதலில் அரிவாளால் அந்தப் பாயைப் பத்தை பத்தையாக வெட்ட வேண்டும். வெட்டின பத்தையைக் கயிறு கட்டிக் கரைக்கு இழுக்க வேண்டும். இழுக்கும்போது பிய்கிற சின்னத் துண்டுகளைப் பின்னாலேயே ஓர் ஆள் கூடையில் பொறுக்கிக்கொண்டே வரவேண்டும். இந்தக் கடைசி ஆள்தான் முக்கியம். கூலி குறைக்க வேண்டும் என்றால் கான்ட்ராக்டர் முதலில் கழற்றிவிடுவதும் இந்த ஆளைத்தான்.

கரைக்கு வந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று எல்லோரும் வேட்டியைப் பிழிவார்கள். பாதிதான் முடிந்திருக்கும். செடியைக் கரைக்கு அந்தப் பக்கம், மேட்டில், வேர் மேலே இருக்கும்படி கவிழ்த்துப் பரப்ப வேண்டும். காம்புக்குள் பஞ்சு மாதிரி இருக்கும், உள்ளே ஈரத்தை வைத்துக்கொண்டு நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். புரட்டிப் புரட்டிக் காயப்போட்டு, கையில் நொறுக்கினால் அப்பளம் மாதிரி நொறுங்கினால்தான் செத்தது என்று அர்த்தம். பிறகு கொளுத்த வேண்டும். ஏரியில் இறங்கின கயிறு, அரிவாள், தெப்பம் எல்லாவற்றையும் வெயிலில் போட்டு உலர்த்தாமல் வேறு ஏரிக்குக் கொண்டுபோகக் கூடாது. இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. செத்துவிட்டது என்று நினைத்த செடி என் கண்முன்னால் இரண்டு தடவை பூத்ததைப் பார்த்து, வயிறு எரிந்து கற்றுக்கொண்டது.

கீழேரிக்குப் போகாமல் இருக்க, கலங்கலுக்கு முன்னால் ஒரு தடுப்பு கட்டினேன். மூங்கிலை நீளவாக்கில் கயிற்றால் இணைத்து, லாரி டியூபில் காற்றடித்து மிதக்கவிட்டு, அடியில் தனம் வீட்டுப் பழைய வலையைத் தொங்கவிட்டது. தினமும் காலையில் வந்து அதில் ஒட்டின துண்டுகளை எடுப்பேன். ஏ.இ. அதைப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு, சாமுவேல். ஒரு கொடி வெச்சுடுங்க" என்றார். எதற்குக் கொடி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வைத்தேன்.

தண்ணீர் வழியை அடைத்தாகிவிட்டது. தரை வழி இருக்கிறதே என்று தனம்தான் ஞாபகப்படுத்தினாள். பனையேரியில் குளித்துவிட்டு எருமைகள் கீழேரிப் பக்கம் மேயப் போகும். போகும்போது கொம்பிலும் முதுகிலும் வாலிலும் செடி தொற்றிக்கொண்டு போகும். ஆக, ஒரு கோடை முழுக்க நான் செய்த வேலை என்னவென்றால், வண்டிப்பாதையில் குறுக்கே நின்று எருமைகளைச் சோதனை போட்டது. கொம்பைப் பார், முதுகைத் தட்டு, வாலைத் தூக்கு. எருமைக்காரருக்குத் தாங்கவில்லை.

"இன்னா சார், என் எருமை இன்னா கஞ்சாவா கடத்துது? ஏர்போர்ட்டுல கூட இப்பிடி வாலத் தூக்கிப் பாக்கமாட்டானுங்க சார்."

"ஏர்போர்ட்டுக்கு உங்க எருமை போனா அவங்களும் பாப்பாங்க" என்றேன். ஒரு நாள் ஏ.இ.யின் ஜீப் அந்த வழியாக வந்தது. நான் ஓர் எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுநாள் ஆபீஸில், "சாமுவேல், லீவு ஏதாவது வேணும்னா எடுத்துக்கோங்க" என்றார், ரொம்ப அக்கறையாக.

மூன்று கோடை இப்படிப் பாடுபட்டு, பனையேரி ஒரு வழியாகத் தண்ணீர் முகம் காட்டியது. கீழேரிக்கு ஒரு செடி போகவில்லை. அந்த ஆடி மாதம் ஏ.இ. "ஹண்ட்ரட் பர்சென்ட்" என்று மேலே எழுதி அனுப்பிவிட்டார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. கடைசியாக எடுத்த செடியைக் கான்ட்ராக்டர் மேட்டில் காயப்போடவில்லை. கரைக்கு மண் எடுத்த பழைய பள்ளம் ஒன்று ஏரியை ஒட்டி இருந்தது. அதில் கொட்டிவிட்டுக் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார். ஆடியில் இரண்டு மழை பெய்தது. பள்ளத்தில் தண்ணீர் நின்றது. செடி தளதளவென்று எழுந்து உட்கார்ந்து, ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்தது.

ஓடிப்போய் ஏ.இ.யிடம் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டார்.

"அந்தப் பள்ளம் ஏரிக்குள்ள இருக்கா, வெளியில இருக்கா?"

"வெளியில சார். ஆனா..."

"அப்ப அது நம்ம ஸ்கோப் இல்ல. நாம ஏரியில எடுத்தோம். ஹண்ட்ரட் பர்சென்ட். பள்ளத்துல இருக்கறது செடி. செடி எங்க வேணா இருக்கும்."

டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அதே கையோடு அவர் பனையேரிக் கரையில் ஒரு போர்டு வைக்கச் சொன்னார். மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து. இந்த ஏரியில் துணி துவைக்கக் கூடாது, மாடு குளிப்பாட்டக் கூடாது, சிலை கரைக்கக் கூடாது. கீழேரிக்கும் ஒன்று வையுங்கள் சார் என்றேன். சாங்ஷன் ஒரு போர்டுக்குத்தான் என்றார்.

பனையேரியை ஒட்டி அப்போதுதான் ராஜேஸ்வரி நகர் என்று ஒன்று முளைத்திருந்தது. அஸ்தினாபுரம், குரோம்பேட்டையில் வாடகைக்கு இருந்தவர்கள் லோன் போட்டு வீடு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்களுடைய சங்கத் தலைவர் பத்மநாபன், ரிட்டையர்டு பேங்க் ஆபீஸர். சட்டத்தை மதிக்கிற மனுஷர். குழாயடியில் சண்டை என்றால்கூட விதிமுறையைச் சொல்லித்தான் சண்டை போடுவார். தெருவில் பெரிய பிள்ளையார் வைப்பது எங்கள் பக்கம் அப்போதுதான் புதிதாக வந்துகொண்டிருந்தது. அந்த வருஷம் சங்கமும் வைத்தது. அலங்காரத்துக்குப் பூ வேண்டும். தாம்பரம் மார்க்கெட்டில் பண்டிகை விலை. வீட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் ஊதாப்பூ சும்மா கிடக்கிறது.

அந்தப் பூவைப் பறித்தால் ஒரு மணி நேரத்தில் தொங்கிவிடும். சங்கத்துப் பெண்கள் புத்திசாலிகள், ஒரே நாளில் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வேரோடு பிடுங்கி, பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் ஊற்றி அதில் மிதக்கவிட்டால் மூன்று நாளும் வாடாமல் நிற்கிறது. பிள்ளையாரைச் சுற்றி டப் டப்பாக வைத்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பிள்ளையாரைக் கரைக்கிற அன்றைக்குத்தான் நான் அதைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் நான் கலங்கல் தடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேளச் சத்தம் வந்தது. மீன்பாடி வண்டியில் பிள்ளையார் வருகிறார். அவரைச் சுற்றி டப்பில் ஆகாயத்தாமரை, வேரும் இலையும் பூவுமாக. முன்னால் பத்மநாபன். பக்கத்தில் சிறப்பு விருந்தினர், கழுத்தில் மாலையோடு எங்கள் ஏ.இ.

பனையேரிக் கரையில் ஊர்வலம் நின்றது. பத்மநாபன் போர்டைப் படித்தார். முழுசாகப் படித்தார். "சிலை கரைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே சார். ரூல்னா ரூல்தான்" என்றார். ஏ.இ.க்கு முகமெல்லாம் பெருமை. "நம்ம போர்டுதான். பரவால்ல, கீழேரியில போர்டு இல்ல. அங்க போயிடலாம்" என்றார். வண்டியைத் திருப்பினார்கள்.

சைக்கிளை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். ஏ.இ.யின் காதருகே போய், "சார், அது ஆகாயத்தாமரை" என்றேன்.

"தெரியுது சாமுவேல். டெக்கரேஷன்."

"வேரோட இருக்கு சார். கீழேரியில விட்டா மூணு வருஷ வேலை போச்சு. பிள்ளையாரைக் கரைக்கட்டும், டப்பை மட்டும் கரையில வெச்சுடச் சொல்லுங்க."

பத்மநாபன் காதில் அது விழுந்துவிட்டது. கோபப்படவில்லை, பொறுமையாகவே சொன்னார். "பூஜை பண்ணின புஷ்பத்தைக் கால் படற இடத்துல போடக்கூடாது சார். தண்ணியில விடறதுதான் முறை. உங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்க நியாயமில்ல, அது உங்க தப்பும் இல்ல."

சாமுவேல் என்று பெயர் வைத்துக்கொண்டு பிள்ளையார் ஊர்வலத்தில் பூவைப் பிடுங்க முடியுமா? பிடுங்கினால் மறுநாள் தாம்பரம் ஸ்டேஷனில் நான் இருப்பேன், ரயில்வே ஸ்டேஷனில் இல்லை. ஏ.இ. என் தோளில் கை வைத்து, "சென்டிமென்ட் விஷயம், விடுங்க" என்றார்.

கீழேரிக் கரையில் அவர் ஷூவைக் கழற்றினார். என் சர்வீஸில் அவர் ஏரியில் கால் வைத்துப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கி, பிள்ளையாரை ஒரு கை பிடித்துவிட்டு, பெண்கள் வண்டியிலிருந்து இடுப்பில் தூக்கி வந்த டப்புகளை ஒவ்வொன்றாக வாங்கித் தன் கையாலேயே தண்ணீரில் கவிழ்த்தார். பூவெல்லாம் நிமிர்ந்து மிதந்தது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் தலையில் கை வைத்தேன், வேறு காரணத்துக்காக.

எதிர்க்கரையில் வலை அலசிக்கொண்டிருந்த தனம் பார்த்துவிட்டாள். மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, இடுப்பளவில் நடந்தே குறுக்கே வந்தாள். முதலில் பிள்ளையாரைப் பார்த்து, "அப்பனே, கோச்சிக்காத" என்று ஒரு கும்பிடு. பிறகு செடியைப் பொறுக்கிக் கூடையில் போட ஆரம்பித்தாள்.

கரையில் சலசலப்பு. ஓர் அம்மாள், "ஏம்மா, சாமிக்கு வெச்ச பூவை மீன் கூடையில போடறியே" என்றார். பத்மநாபன், "இதை நாங்க அனுமதிக்க முடியாது. காலடியில போட்டு மிதிக்கவா எடுக்கற?" என்றார்.

தனம் நிமிர்ந்தாள். ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. நிரம்பின கூடையை அப்படியே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். சேறும் தண்ணீரும் அவள் முகத்தில் வழிந்தது.

"மிதிச்சனா சார்? தலமேல வெச்சிகினு கீறன். நீங்க இத இன்னாத்துல தூக்கினு வந்தீங்க? இடுப்புலதான?"

பத்மநாபன் விதிமுறை தெரிந்தவர். கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார். தலையில் வைப்பதற்கு எதிராக விதி ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. "சரி, வாங்க போலாம்" என்று கூட்டத்தைக் கிளப்பினார். ஏ.இ. கரையில் உட்கார்ந்து கர்ச்சீப்பால் கால் விரல்களுக்கு நடுவே துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அதற்குள் காற்று தன் வேலையைச் செய்துவிட்டது. பாதிச் செடிதான் கூடையில். மீதி நகர்ந்து நகர்ந்து, தெற்குக் கரைக் கோரைக்குள் போய்ப் புகுந்துகொண்டது. கோரைக்குள் புகுந்தால் கண்ணில் படாது, அங்கேயே குட்டி போடும். ஐப்பசி மழை வந்து ஏரி ஏறினால், குட்டியெல்லாம் ஏரி முழுக்கப் பரவும், அப்புறம் அடையாற்றுக்குப் போகும். அப்படி ஆனால் தனத்துக்கு அடுத்த வருஷம் குத்தகை இருந்தும் பிரயோஜனம் இல்லை. மழைக்கு முன்னால் கடைசிச் செடி வரைக்கும் எடுத்தாக வேண்டும்.

மறுநாளே ஏ.இ.யிடம் போய் நாலு ஆள் கேட்டேன்.

"எந்த ஏரிக்கு?"

"கீழேரிக்கு சார்."

"கீழேரியில செடி இருக்குன்னு எங்கயாவது எழுதியிருக்கோமா? இல்ல. இல்லாத செடியை எடுக்க ஆள் போட்டா ஆடிட்ல என்ன சொல்றது?"

"நேத்து நீங்களே..." என்று ஆரம்பித்தேன்.

"அது பூஜை புஷ்பம், சாமுவேல்" என்றார்.

எனக்குக் கோபம். அவர் கெட்டவர் இல்லை என்பதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன். அவர் நிஜமாகவே நம்பினார்.

பிறகு தனம் இறங்கினாள். விடிந்ததும் மீன் வேலை, அது முடிந்ததும் கோரை வேலை. கோரையை ஒவ்வொரு பிடியாக விலக்கி, அடியில் கை விட்டுத் துழாவி, வேரோடு எடுத்துக் கூடையில் போட்டு, கரையில் பாறைமேல் கவிழ்த்து வைப்பாள். ட்யூட்டி இல்லாத நேரம் நானும் இறங்கினேன். நான் ஒரு வரிசை முடிப்பதற்குள் அவள் மூன்று வரிசை போயிருப்பாள். "சார், நீங்க கரையிலயே நின்னு எங்க கீதுன்னு கைகாட்டுங்க, போதும். உங்களக் காப்பாத்தறது எனக்குத் தனி வேலையா கீது" என்றாள். புருஷன் கரையில் உட்கார்ந்து, மூச்சு வாங்க வாங்கக் காய்ந்த செடியைப் புரட்டிப் போட்டார்.

புரட்டாசி பாதியில் அவள் கால் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். அப்புறம் கையிலும் வந்தது. மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டு, துணி சுற்றிக்கொண்டு மறுபடி இறங்குவாள். "போதும் தனம், ரெண்டு நாள் விடு" என்று சொன்னேன். "நான் வுடுவன் சார். அது வுடுமா?" என்றாள்.

இதற்கு நடுவே ராஜேஸ்வரி நகரில் ஒரு வீட்டுக் குளியலறைக்குள் பாம்பு வந்துவிட்டது. அந்தப் பள்ளத்திலிருந்துதான் வந்தது என்று பத்மநாபன் மேலதிகாரி வரைக்கும் மனு கொடுத்தார். ஒரே வாரத்தில் பள்ளம் எங்கள் ஸ்கோப்புக்குள் வந்துவிட்டது. ஆள் வந்தது, லாரி வந்தது, செடியை மேட்டில் காயப்போட்டுக் கொளுத்தி, பள்ளத்தை மண் போட்டு மூடினார்கள். அந்தப் பாம்புக்கு இருந்த செல்வாக்கு எனக்குச் சர்வீஸ் முழுக்க இருந்ததில்லை.

ஐப்பசி பிறந்தது. ரேடியோவில் புயல் சின்னம் என்று சொன்ன அன்று மத்தியானம், மதகுக் கல்லுக்குப் பின்னால் ஒதுங்கியிருந்த ஒரு கொத்தைத் தனம் பிடித்து மேலே தூக்கிக் காட்டினாள். "இதான் சார் கடைசி. இதுக்கு மேல எங்கனா ஒளிஞ்சிகினு இருந்தா என் தலையெழுத்து." அன்று ராத்திரி மழை பிடித்தது. நாள்கணக்கில் கொட்டியது. கீழேரி நிரம்பிக் கலங்கலில் வழிந்தது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு கலங்கல் மேல் நின்று பார்த்தேன். மழை விட்ட பிறகும் கரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். வெறும் தண்ணீர். ஓர் இலைகூட இல்லை. எனக்கு அழுகை வந்தது, அதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மழை விட்ட கையோடு ஆபீஸில் இருந்து தகவல். இரண்டு ஏரிகளையும் பொதுமக்கள் ஒத்துழைப்போடு களையில்லாமல் வைத்திருப்பதற்காக ஏ.இ.க்குப் பாராட்டு. சென்னையிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். கீழேரிக் கரையில் பந்தல். "சாமுவேல், அந்த மீன்காரம்மாகிட்ட சொல்லி மத்தியானத்துக்கு மீன் ஏற்பாடு பண்ணிடுங்க, ஃப்ரெஷ்ஷா" என்றார் ஏ.இ. தனத்திடம் போய்ச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "துட்டு குடுப்பாங்களா சார்? அப்ப ஆக்கிப் போடறன்."

பந்தலில் ஏ.இ.க்குப் பொன்னாடை. பத்மநாபனுக்குப் பொன்னாடை. பெரிய அதிகாரி பேசினார், ஏ.இ. பேசினார், பத்மநாபன் கடமையைப் பற்றிப் பேசினார். தனத்தின் பெயரை யாரும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் கீழேரியில் செடி இருந்தது என்று ஒத்துக்கொண்டதாகிவிடுமே. பிறகு சாப்பாடு. தனம்தான் பரிமாறினாள். கெண்டைக் குழம்பு, வறுவல், எல்லாம் கீழேரி மீன். ஏ.இ. ரசித்துச் சாப்பிட்டார். நான் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

"மீன் பிரமாதம்மா. எந்த ஏரி?" என்று கேட்டார்.

"இதே ஏரிதான் சார். நீங்க பூ வுட்டீங்களே, இந்த ஏரி."

ஏ.இ. பக்கத்தில் இருந்த பெரிய அதிகாரியிடம் திரும்பினார். "பாத்தீங்களா சார், அன்னிக்கு இந்தச் சாமுவேல் பயந்தார். பூஜை புஷ்பத்தை விட்டா செடி பரவிடும்னு. ஒண்ணுமே ஆகல. பிள்ளையாரே காப்பாத்திட்டார்."

தனம் குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"ஆமா சார், அவருதான் காப்பாத்தினாரு. தெனமும் வந்து இடுப்பளவு தண்ணியில நின்னுகினு ஒவ்வொண்ணாப் புடுங்கினாரு. கையெல்லாம் சேத்துப்புண்ணு, பாவம்." கரண்டியை இடது கைக்கு மாற்றி, வலது கையை அவர் இலைக்கு மேலே விரித்துக் காட்டினாள். மஞ்சள் பூசியும் ஆறாத விரல்கள், தோல் உரிந்து வெள்ளை வெள்ளையாக.

ஏ.இ. அந்தக் கையைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு இலையைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "இன்னொரு துண்டு வையம்மா" என்றார்.